இஸ்மத்துக்கு முன்பே ரஷீத் ஜஹான்
உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' (போர்வை, 1942) கதையோடுதான் உருதுப் புனைவில் பெண்ணின் துணிச்சலான குரல் எழுந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறுவதை ஏற்க இயலவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1932-இல் லக்னோவில் வெளிவந்து மறு ஆண்டே பிரிட்டிஷ் இந்தியாவின் ஐக்கிய மாகாண அரசால் தடை செய்யப்பட்ட 'அங்காரே' (தணல்கள்) என்ற உருதுக் கதைத் தொகுப்பில், மூன்று ஆண்களுடன் ஒரே பெண்ணாக எழுதியவர் மருத்துவர் ரஷீத் ஜஹான். அதிலுள்ள அவருடைய 'தில்லி கீ ஸைர்' (தில்லி உலா) மிகச் சிறிய கதைதான். தில்லியைச் சுற்றிக்காட்ட அழைத்துவந்த கணவன், புர்கா அணிந்த மனைவியை ரயில் நிலையத்திலேயே மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாக உட்காரவைத்துவிட்டு நண்பனுடன் போய்விட, அவள் கண்ட தில்லி அந்த நிலையம் மட்டுமே. இதை அவள் புலம்பலாக அன்றி, வீடு திரும்பித் தோழியரிடம் சொல்லும் கதையாக அமைத்ததில்தான் எழுத்தாளரின் தேர்ச்சி தெரிகிறது. (அவருடைய வேறு சில கதைகளில் பிரசாரம் தூக்கலாக இருப்பது உண்மையே.) தம்மீது ரஷீத் ஜஹான் செலுத்திய தாக்கத்தை இஸ்மத்தே வெளிப்படையாகக் கூறியிருக்க, கட்டுரையில் ரஷீத் ஜஹானின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.