ரெமிட் ஃபோர்த்வித்தாம்!

தக்கலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நேற்றுக் காலையிலேயே ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். கடன் வாங்கிய இடத்திலிருந்து வந்தது, முழுக்க ஆங்கிலம். "மக்களே, பேத்தி தள்ளுபடிங்கா, மருமவன் ஜப்திங்கான். எதுன்னு பாத்துச் சொல்லு" என்று நீட்டும்போதே கை நடுங்கியது.

நடுவில் 'ரெமிட் ஃபோர்த்வித்' என்று இருந்தது. உடனே கட்டவும், அவ்வளவுதான். ரெமிட் என்றால் பணம் செலுத்துவது. கடனையோ தண்டனையையோ தள்ளுபடி செய்வதற்கும் அதே சொல்தான். பேத்தி அகராதியில் அந்த இன்னொரு பொருளைப் பிடித்திருக்கிறாள். பாவம், பிள்ளையைக் குறைசொல்ல முடியுமா? சாங்ஷனும் அப்படித்தான். கடனுக்கு சாங்ஷன் என்றால் ஒப்புதல். ஒரு நாட்டின் மேல் போட்டால் தடை.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் 1956-தான். ரப்பர் பால் வெட்டிக் கடனடைக்கிற மனுஷிக்கு 'உடனே கட்டவும்' என்று எழுத இன்னும் என்ன தடை? சரி, ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் 'பே நவ்' என்றாவது எழுதலாமே. ஒரு ராத்திரி முழுக்க அவர் கண்ணை மூடவில்லை.