அந்தக் கம்பி ரப்பர் பேண்டு இல்லை

சனிக்கிழமை ராத்திரி நம் கிட்டார் வாசிப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். இல்லாதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். யார் என்று கேட்காதீர்கள், பெயர் போட மாட்டேன். ஒரு பதினாறு வயசுப் பிள்ளை வாசித்து முடித்துவிட்டுக் கிட்டாரைக் கழற்றினாள். நாம் எல்லோரும் மதிக்கிற ஒருவர் அதைக் கையில் வாங்கி, மூன்றாவது கம்பியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ரப்பர் பேண்டு மாட்டியிருக்கே? பத்து மாட்டு, பதினொண்ணு மாட்டு, அப்புறம் டோனைப் பத்திப் பேசலாம்" என்றார். பத்து, பதினொண்ணு என்பது கம்பியின் கன எண். மெல்லியதை விட்டுத் தடித்ததைப் போடு, அப்போதுதான் டோன், அதாவது நல்ல ஒலி, வரும் என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. இந்தப் பதிவு அதற்காகவும்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்பி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது அதை அழுத்துகிற விரல். யார் கையோ, அவர் கம்பி. இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ரப்பர் பேண்டு கணக்கைப் பார்த்துவிடலாம். அவளுடையது ஸ்ட்ராட் வகைக் கிட்டார். நட்டிலிருந்து (நெக், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) வரை கம்பியின் நீளம், அதாவது ஸ்கேல் நீளம், 25.5 அங்குலம். மாட்டியிருந்தது 9–42 செட் (மிக மெல்லிய கம்பி 9, மிகத் தடித்தது 42), சாதாரண ட்யூனிங். அந்த செட்டில் மூன்றாவது கம்பி 16, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 16 பங்கு கனம். அவர் வாசிப்பது லெஸ் பால் என்ற இன்னொரு வகை, ஸ்கேல் நீளம் 24.75 அங்குலம். பத்து செட் (மெல்லிய கம்பி 10) போடுவார், அதில் மூன்றாவது கம்பி 17. பாடுகிறவருக்காக அவர்கள் பேண்டில் எல்லோருமே சுருதியை அரை ஸ்டெப், அதாவது அரை ஸ்வரம், இறக்கித்தான் வாசிக்கிறார்கள். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கம்பியின் இழுவை மூன்று விஷயங்களைப் பொறுத்தது. கனம், நீளம், சுருதி. மூன்றுக்குமே வர்க்கக் கணக்கு, அதனால் சின்ன வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும். 25.5 அங்குலத்தில் சாதாரண ட்யூனிங்கில் 17 கம்பியின் இழுவையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத்தில் அவளுடைய 16 கம்பி 89. அவருடைய 17 கம்பி லெஸ் பாலின் நீளத்துக்கு வந்ததுமே 94 ஆகிவிடும். அரை ஸ்டெப் இறக்கினால் அதிலும் 11 சதவீதம் போய் 84. போட்டுப் பாருங்கள். அவர் இழுத்துப் பார்த்துச் சிரித்த அந்த மூன்றாவது கம்பி, அவருடைய சொந்தக் கிட்டாரின் மூன்றாவது கம்பியைவிட இறுக்கமானது.

அப்படியானால் அவர் விரலுக்கு ஏன் தளர்வாகத் தெரிந்தது? அவளுடைய பிரிட்ஜ் மிதக்கிற வகை. பின்னால் ஸ்பிரிங்குகள் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பியை இழுத்தால் பிரிட்ஜும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கொடுக்கும். லெஸ் பாலில் பிரிட்ஜ் உடம்பில் ஊன்றி நிற்கிறது, அசையாது. அவள் ஆக்‌ஷனும் தாழ்வாக, அதாவது கம்பி நெக்குக்கு நெருக்கமாக, வைத்திருந்தாள், அழுத்துவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. இதெல்லாம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பையில் 9 என்று போட்ட காலி உறை கிடந்தது, அவர் கிட்டாரை வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்தார். எண்ணைப் பார்த்த கண் விரலுக்கு முன்கூட்டியே தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் எதில் தெரியுமா? ஏழாவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மூன்றாவது கம்பியை மோதிர விரலால் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளி, சுருதியை ஒரு முழு ஸ்டெப் ஏற்றிப் பாருங்கள். இதைத்தான் பெண்ட் என்கிறோம். அந்த விரல் தனியாகத் தள்ளாது. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கும். கட்டைவிரல் நெக்கின் மேல் விளிம்பைக் கவ்வும். பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டு திரும்பும். பக்கத்துக் கம்பி நகத்துக்கடியில் போய்ச் சொருகிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்வரம் இடத்தில் போய் உட்காருகிற கணத்தில் விரல் நுனியில் கம்பி ஒரு பள்ளம் போட்டுவிடும். அந்தப் பிள்ளை சனிக்கிழமை கடைசியில் இந்த பெண்டைத்தான் பிடித்தாள். மேலே கொண்டுபோய் நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் அசையாமல் வைத்து, அதற்கப்புறம்தான் மெதுவாக அதிர்வு கொடுத்தாள். சுருதி மயிரிழைகூடப் பிசகவில்லை. எனக்கு அந்த நிதானம் வர எத்தனையோ வருஷம் ஆனது. அதைப் பற்றி அங்கே இருந்த ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பியின் எண்ணைப் பற்றி மட்டும் பேசினோம்.

உடனே தடித்த கம்பிக்குப் பேர்போன ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானைக் கொண்டு வருவீர்கள். வரட்டும், எனக்கும் அவர் உயிர். 13 கம்பி போட்டார், உண்மை. அரை ஸ்டெப் இறக்கி வாசித்தார் என்பதும் உண்மை. விரல் நுனி பிய்ந்துபோய், பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார் என்பதும் உண்மை. அந்தக் கை அதைக் கேட்டது, அவர் கொடுத்தார். ZZ டாப் பேண்டின் கிட்டாரிஸ்ட் பில்லி கிப்பன்ஸின் கை 7 கேட்டது. ஆரம்பத்தில் அவரும் தடித்த கம்பிதான் போட்டிருந்தார். ப்ளூஸ் மேதை பி.பி. கிங் அவர் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று கேட்டாராம். கிப்பன்ஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மூத்தவர் இளையவரின் கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. நம் மூத்தவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிளாக் சப்பத் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1965-இல், 17 வயதில், தகரப் பட்டறையில் வேலை பார்த்த கடைசி நாளில், இயந்திரத்தில் மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பியை அந்த விரலால் வளைக்க முடியாது, அதனால் மெல்லிய பாஞ்சோ கம்பிகளைத் தேடி வாங்கி மாட்டினார். பின்னால் சுருதியையும் இறக்கி இன்னும் தளர்த்தினார். பிளாக் சப்பத்தின் அந்தக் கனத்த ஒலி, ஹெவி மெட்டலுக்கே அஸ்திவாரம் என்று எல்லோரும் கொண்டாடுகிற ஒலி, மெல்லிய கம்பியிலிருந்து வந்தது. அவரிடம் போய் ரப்பர் பேண்டு என்று சொல்ல யாருக்காவது நா எழுமா?

"தடித்த கம்பிக்கு டோன் அதிகம்தானே?" என்று கேட்பவர்களுக்கு. நான் முழுதாக மறுக்கவில்லை. காந்தத்தின் மேல் அதிக உலோகம் அதிர்ந்தால், அந்த அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பிக்-அப்பிலிருந்து வரும் சிக்னலும் கொஞ்சம் கூடும். சுருதியை நன்றாக இறக்கி வாசிப்பவர்களுக்கு மெல்லிய கம்பி தொளதொளத்துப் போகும். வலது கை பலமாக அடிக்கிறவர்களுக்கு 9 கம்பியில் அடித்த வேகத்துக்கே சுருதி ஏறிவிடும், இடது கை இறுக்கினால் கார்டே கசக்கும். இதெல்லாம் நிஜம். ஆனால் ஆம்பில் வால்யூம் குமிழ் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பினால் சிக்னல் கணக்கு தீர்ந்தது. பிக்கை (கம்பியை மீட்டும் தகட்டை) பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக் பக்கம் இரண்டு அங்குலம் நகர்த்தினால் வருகிற வித்தியாசம், கம்பியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி வருகிற வித்தியாசத்தைவிடப் பெரியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. எண்ணை மட்டும் வைத்துக் கிட்டாரை எடை போடவே முடியாது. என்னிடம் இருக்கிற இரண்டில் ஒன்று நீளமானது, 9 மாட்டியிருக்கிறேன். இன்னொன்று குட்டை ஸ்கேல், 10. கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்தால் எது மெல்லிய கம்பி என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. ஆனால் நெக் காட்டிக் கொடுத்துவிடும். நீளமானதில் நெக் ஒல்லி, பின்பக்கம் வார்னிஷ் தேய்ந்து மரம் வழவழவென்று இருக்கும், கை தானாக மேலே வழுக்கிக்கொண்டு போகும். மற்றதில் நெக் உள்ளங்கையை முழுக்க நிரப்பும், அவசரமாக எதையும் வாசிக்க விடாது. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகையின்) வளைவு ஆரம் 7.25 அங்குலம், லெஸ் பாலில் 12. ஆரம் குறைந்தால் வளைவு அதிகம். பழைய வளைவில் கார்டு பிடிக்க விரல்களுக்கு அவ்வளவு இதம். ஆக்‌ஷனைத் தாழ்த்திவிட்டுப் பெண்ட் பண்ணினால் மேலே போகப்போக ஸ்வரம் செத்துப்போகும். குயீன் பேண்டின் பிரையன் மே தன் அப்பாவோடு உட்கார்ந்து 1963-இல் செய்ய ஆரம்பித்த கிட்டாருக்கு 24 அங்குலம்தான், பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் காசு. அவர் கைக்கு அப்படி. இத்தனை விஷயம் சேர்ந்துதான் ஒரு கிட்டார் கையில் எப்படி இருக்கிறது என்பது. அதில் உறையில் போட்டிருக்கிற எண் ஒரு சின்னப் பங்கு.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். சொல்கிறேன், இதை அதிகம் பேரிடம் சொன்னதில்லை. அப்போது எனக்கு இருபது வயசு. நான் மதித்த ஒருவர், மெல்லிய கம்பி போடுகிறவன் கிட்டாரிஸ்டே இல்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்று சாயங்காலமே 9-ஐக் கழற்றிவிட்டு 11 மாட்டினேன். 9-லிருந்து 10-க்குப் போனாலே ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுவை சுமார் 8 கிலோ கூடும். நான் போனது 11-க்கு. நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராடு என்ற கம்பியைத் திருக வேண்டும், நட்டில் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், பின்னால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், எதுவும் எனக்குத் தெரியாது. சொன்னவர் அதைச் சொல்லவில்லை. நெக் முன்னால் வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி எழும்பி நின்றது. ட்யூன் பண்ணும்போது நட்டில் கம்பி சிக்கிச் சிக்கி 'டிங், டிங்' என்று விடுபடும். பொறுத்துக்கொண்டேன். என் கைதான் பலவீனம், பழகிவிடும் என்று தினம் மூன்று மணி நேரம் அழுத்தினேன். இரண்டே மாசத்தில் கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை ஒரு வலி. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. எட்டு மாசம் கிட்டாரைத் தொடவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்த பேண்ட் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது, அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் நிகழ்ச்சி இருந்தது. குளிர் நாளில் அந்த மணிக்கட்டு இன்றைக்கும் வலிக்கும்.

"அவர் அன்பில்தான் சொன்னார், இதைப் போய்ப் பெரிது பண்ணலாமா" என்று இரண்டு பேர் எனக்கு போன் பண்ணிவிட்டார்கள். என்னிடம் சொன்னவரும் அன்பில்தான் சொன்னார்.

அவர் மேல் எனக்கு மரியாதை போகவில்லை. அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. தெரியாதவர் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாள். சிரித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்போது 9 மாட்டிய கிட்டார் இருக்கிறது? இரண்டு பேருக்கு நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஏன் நீங்கள் சொல்லவில்லை? நான் ஏன் சொல்லவில்லை?

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அண்ணா, பதினொண்ணு செட் வாங்கிட்டேன். இதுக்கு நட் மாத்தணுமா?" கூடவே உறையின் படம். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உறையைப் பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா என்று பதில் போட்டிருக்கிறேன். என்னுடைய இரண்டு கிட்டாரையும் எடுத்து வைக்கிறேன், அவர் வாசிக்கிற மாதிரியே, 10 மாட்டிய குட்டை ஸ்கேலை அரை ஸ்டெப் இறக்கியும் வைக்கிறேன். எல்லாவற்றிலும் அந்த ஏழாவது ஃபிரெட் பெண்டை அவள் பிடித்துப் பார்க்கட்டும். பிடித்ததைச் சொல்லட்டும், மாட்டித் தருகிறேன். பதினொன்றுதான் வேண்டும் என்றாலும் சரி, நட்டை ராவுகிற அரம் என்னிடம் இருக்கிறது.