களியக்காவிளையில் ஒரு சர்வீஸ் கடை, மாதம் எவ்வளவு விளம்பரம்?

என்னிடம் மூன்று ஆண்டுகள் வேலை பழகிய தம்பி ஒருவர் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் சொந்தமாக ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் கடை திறந்திருக்கிறார். சென்ற வாரம் அவர் விளம்பரக் கணக்கு எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். முகநூல், கேபிள் சேனலில் கீழே ஓடும் எழுத்து, பிட் நோட்டீஸ், கோயில் விழா மலரில் அரைப்பக்கம் என்று எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் போட்டிருந்தார். "அண்ணா, இது போதுமா?" என்று கேட்டார். நான் பதிலுக்கு, "ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக்கு உன்னால் போக முடியும்?" என்று கேட்டேன். அவருக்கு இரண்டும் தொடர்பில்லாத பேச்சாகத் தோன்றியது. தொடர்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான்.

அவரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்க்கலாம். மாதத்தில் 26 நாள் என்றால் 156 வேலை. இப்போதே தெரிந்தவர்கள் மூலமாக 110 வேலை வருகிறது. ஆக, விளம்பரம் கொண்டுவர வேண்டியது 46 வேலை மட்டுமே. பெட்ரோல், உதவியாளர் சம்பளம், சில்லறைச் செலவு எல்லாம் போக ஒரு வேலையில் அவர் கையில் சராசரியாக 280 ரூபாய் நிற்கிறது. 15,000 ரூபாய் செலவழித்து அந்த 46 வேலையும் வந்தாலும் ஒரு வேலைக்கு 326 ரூபாய் விளம்பரத்துக்கே போய்விடும். வேலை செய்யச் செய்ய நட்டம். 46-க்கு மேல் அழைப்பு வந்தால் நிலைமை இன்னும் மோசம். "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி மூன்று நாள் போகாமல் இருந்தால், நம் காசிலேயே நமக்குக் கெட்ட பெயர் வாங்கிய கதையாகும். முதல் வேலையில் நிற்கும் 280-இல் 100 ரூபாயை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுக்கலாம், வேலை பிடித்தால் அந்த வீடு திரும்பவும் கூப்பிடும் என்று வைத்துக்கொண்டால், உச்சவரம்பு 4,600 ரூபாய். எதிர்க்கடைக்காரர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அந்தத் தாளில் கேபிள் எழுத்து இருந்ததைப் பார்த்ததும் என் பழைய கதை நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு விளம்பர ஏஜெண்ட் வந்து, இரண்டு மாதத்துக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு உள்ளூர் சேனல் ஒன்றில் எங்கள் கடைப் பெயரை ஓடவிட்டார். போன் ஓயாமல் அடித்தது. விளம்பரத்தின் மகிமை என்று நினைத்து ஜூன், ஜூலைக்கும் பணம் கட்டினேன். மழை பிடித்ததும் போன் படுத்துவிட்டது. அதன் பிறகுதான், அழைத்த ஒவ்வொருவரிடமும் நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஒருவர்கூட அந்த எழுத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஏப்ரலில் போனை அடிக்கவைத்தது வெயில். நான் அதற்கும் சேர்த்து ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, சீசனில் விளம்பரம் செய்வது தண்ணீர் பந்தலில் நின்றுகொண்டு தாகத்துக்கு நோட்டீஸ் கொடுப்பது போன்றது. மாசியிலேயே ஏசி சுத்தம் செய்யச் சொல்லி நினைவூட்ட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஐப்பசி மாலைகளில் இடி மின்னல் தொடங்கும் முன்பே, ஸ்டெபிலைசரும் எர்த்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு எரிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கிறிஸ்துமஸுக்குக் கல்ஃபிலிருந்து வருகிறவர்களின் வீடுகள் தனிக் கணக்கு. பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில், எலி கடித்த வயரோடும் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இறுகிப்போன இன்லெட் வால்வோடும் வாஷிங் மெஷின் காத்திருக்கும். அந்த வீட்டின் சாவி அவருடைய அண்ணியிடமோ மாமியாரிடமோ இருக்கும். நவம்பரில் நம் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்.

இனி எல்லைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நடுவில் கோடு விழுந்தாலும் கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி எதுவும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. விளம்பரத்தில் மட்டும் அது குறுக்கே வந்து நிற்கிறது. முகநூல் விளம்பரத்தில் களியக்காவிளையை மையமாக வைத்து 15 கிலோமீட்டர் வட்டம் போட்டால், தெற்கே ஒரு பகுதி அரபிக்கடலில் விழுகிறது. மீன்கள் ஏசி வைப்பதில்லை என்பதால் அதில் பண நட்டம் ஒன்றுமில்லை. வடகிழக்கில் வெள்ளறடைப் பக்கம் வட்டத்துக்குள் அடங்கினாலும், ஏறி இறங்கி வளைந்து போகும் சாலையில் ஒரு வேலைக்கு அரை நாள் போய்விடுகிறது. தம்பிக்கு நான் சொன்னது, அந்தப் பெரிய வட்டத்தை விட்டுவிட்டு, கேரளப் பக்கம் பாறசாலைக்கு ஒன்று, தமிழ்நாட்டுப் பக்கம் குழித்துறைக்கு ஒன்று என்று நாலைந்து கிலோமீட்டர் அளவில் சின்ன வட்டங்களாகப் போடும்படி.

பாறசாலையில் தமிழ் புரியாதவர்களைக் காண்பது அரிது, ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிற பல குடும்பங்கள் வாசிப்பது தமிழ். எனவே ஒரே படத்தில் மேலே தமிழும் கீழே மலையாளமும் போட்டால் இருபக்கத்தாருக்கும் அரைப் படம் வீண். இரண்டு தனி விளம்பரமாகவே போட வேண்டும். மலையாள வாசகத்தை அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது அவசியம். மலையாள விளம்பரத்தில் இன்னொரு வரியும் வேண்டும் என்று வற்புறுத்தினேன்: கடை களியக்காவிளையில் இருக்கிறது, வேலைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் பழுது வந்தால் கூலி வாங்காமல் திரும்ப வந்து பார்ப்போம் என்ற வரி. டிஎன் 75 என்ற தமிழ்நாட்டுப் பதிவெண் பைக் வாசலில் நின்றதும், கேஎல் 19 என்ற கேரளப் பதிவெண் வண்டி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு முதலில் வரும் சந்தேகம், இவன் நாளைக்கு எல்லை தாண்டி வருவானா என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாத விளம்பரத்துக்கு அழகு இருந்து என்ன பயன்?

கடைப் பெயர்ப் போர்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு, தேசிய நெடுஞ்சாலை 66-இல் நேராகப் போகிறவர்கள் எங்கள் தலைக்கு மேலே போகிறார்கள். நான் ஆசையாக எழுதிவைத்த பெரிய போர்டை இப்போது பார்ப்பவர்கள் கீழே நெரிசலில் நிற்பவர்கள் மட்டும். ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம் என்றேன். பிவிசி ஃப்ளெக்ஸைக் கேரள அரசு 2019-இல் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பதைத் தம்பி தாளில் எழுதவே இல்லை. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றிருந்து, இப்போது கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று வழங்கும் பக்கம் இலவசம். வீட்டுக்குப் போய் வேலை செய்கிறவர்கள் அதில் 20 ஊர்கள் வரை சேவைப் பகுதியாகக் காட்டலாம். மாநில எல்லை அங்கே தடையில்லை, ஆகவே பாறசாலையும் குழித்துறையும் ஒரே பட்டியலில் இருக்கலாம். நல்லபடி எழுதினால் நூறு ரூபாய் தள்ளுபடி என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. அது கூகுளின் விதிக்குப் புறம்பானது. வேலை முடிந்த கையோடு, பாறசாலை வாடிக்கையாளரிடம் மலையாளத்திலேயே இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டால் போதும்.

அடுத்தது, வேலை முடிந்த மெஷினில் நாங்கள் ஒட்டுகிற ஸ்டிக்கர். வாஷிங் மெஷினின் பக்கவாட்டில், தண்ணீர் படாத இடத்தில், பெயர், போன் நம்பர், வேலை செய்த தேதி, மாற்றிய பாகம் ஆகியவற்றோடு ஒட்டுகிற உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் அது. போன மாதம் பாறசாலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மச்சி மெஷினைச் சுவரிலிருந்து இழுக்கச் சொல்லி, பாதி அழிந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டி, "மோனே, நீ பண்டு ஒட்டிச்சதல்லே இது" (மகனே, நீ முன்பு ஒட்டியதுதானே இது) என்றார். கடைசி எண் தேய்ந்து போயிருந்ததால் இரண்டு தப்பான நம்பருக்கு அடித்த பிறகே என்னைப் பிடித்திருக்கிறார். அச்சடிக்கும்போது மை நிற்கும் தாளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்று அன்று முடிவு செய்தேன்.

கடைசியில் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக எழுதினோம். தமிழ் விளம்பரத்துக்கு 1,200, மலையாள விளம்பரத்துக்கு 1,800, இரண்டுக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 540. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை என்பதால் அது திரும்பி வராத பணம். மீதி 1,060 ரூபாய் ஸ்டிக்கருக்கும், பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கும் நோட்டீஸுக்கும். சீசன் இரண்டு மாதத்திலும் முகநூல் விளம்பரத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை மாசிக்கும் ஐப்பசிக்கும் தள்ள வேண்டும். யார் எதைப் பார்த்து அழைத்தார்கள் என்று நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவர வேண்டும்.

தம்பி சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விழா மலர் அரைப்பக்கம்?" என்றார். அதைப் பார்த்து ஓர் அழைப்பு வந்ததாக என் நோட்டில் இதுவரை இல்லை. ஆனால் கமிட்டிக்காரர்கள் ஊர்க்காரர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அதை நன்கொடை என்று எழுதி, கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். அவர் மனைவியிடம் பேசியிருக்கிறார். அரைப்பக்கம் கால் பக்கமாகியிருக்கிறது.