ரத்தம்தான் எடுத்தாயிற்றே, இன்னொரு டெஸ்ட் போட்டால் என்ன?

தங்கைக்கு மூன்றாவது மாதம். போன வாரம் ரிப்போர்ட் வாங்க நான்தான் லேபுக்குப் போனேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி எல்லாம் இருந்தது. கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் சி-க்கான டெஸ்ட் மட்டும் இல்லை. "டாக்டர் எழுதலையே மேடம்" என்றார் அங்கிருந்த பெண். காலையில் எடுத்த ரத்தம் உள்ளேயே இருந்ததால் அதிலேயே போடச் சொன்னேன். நெகட்டிவ்.

எனக்கேன் இந்த அக்கறை என்றால், சித்தி. 1988இல் பிரசவத்தின்போது அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் வந்தது ஹெபடைடிஸ் சி. அந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989இல்தான், யாரைக் குறை சொல்ல? வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் சுருங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

டாக்டர் நண்பர் ஒருவர், "தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நூற்றுக்கு ஐந்தாறுதான். எல்லா கர்ப்பிணிகளுக்கும் டெஸ்ட் என்றால் கட்டுப்படியாகாது" என்கிறார். சரி, ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு வைரஸ் என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரம் பேரைச் சோதித்தால் இருபது தாய்மார்கள் கிடைப்பார்கள். தொற்றோடு பிறப்பது ஒரு குழந்தை. போதாக்குறைக்கு, கர்ப்பத்தில் மருந்து கொடுப்பது இன்னும் வழக்கமாகவில்லை. அந்த ஒரு குழந்தைக்கு வருவதையும் இந்தப் பிரசவத்தில் தடுக்க முடியாது. குழந்தையை மட்டும் எண்ணினால் அவர் சொல்வது சரிதான்.

அந்த இருபது பெண்களை ஏன் யாரும் எண்ணுவதில்லை? பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். அடுத்த பிள்ளைக்குப் போகாது, ஐம்பது வயதில் கல்லீரலும் சுருங்காது. ஆரம்பத்தில் அமெரிக்காவில் இதற்கான சோஃபோஸ்புவிர் என்ற மருந்து ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். இப்போதும் அங்கே மருந்து விலை நம்மைவிடப் பல மடங்கு. அப்படியும் 2020இல், தொற்று மிக அரிதான இடங்கள் தவிர, ஒவ்வொரு கர்ப்பத்திலும் சோதிக்கச் சொல்லிவிட்டது அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. இங்கே 2018 முதல் தேசியத் திட்டத்தில் மருந்தே இலவசம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். தொற்று இருக்கும் பெண்ணிடம், தாய்ப்பால் நிறுத்தட்டும், மாத்திரையைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அதற்குள் அந்தப் பெண் அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போயிருப்பாள், ஃபைல் பீரோவுக்குள் போயிருக்கும். தன் உடம்புக்காக எந்தப் பிள்ளைத்தாய்ச்சி திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்? பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் மட்டும் வருவாள். ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும்போது, "உன் மாத்திரை என்னாச்சும்மா?" என்று நர்ஸ் ஒரு வார்த்தை கேட்கிற மாதிரி அந்தத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்து வைக்கலாம்.