மாத்திரை வீட்டுக்கு வருது சரி, கொண்டு வர்றவங்களுக்கு?

வீடு தேடி வந்து மாத்திரை குடுக்குற தமிழ்நாடு அரசுத் திட்டம் 'மக்களைத் தேடி மருத்துவம்' வெட்டிச் செலவுன்னு கட்டுரைல எழுதிருக்கீங்களே சார், ஒரு தடவ எங்க ஊருப் பக்கம் வந்து பாருங்க. முன்னாடியெல்லாம் மாத்திரை தீந்துட்டா பிஹெச்சிக்கு, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும், ஒரே பஸ்ஸு, போனா அன்னிக்குக் கூலி போச்சு, அதனாலயே பாதிப் பேரு பிரஷர் மாத்திரைய நிறுத்திருவாங்க. நர்ஸம்மா ஒருத்தரே 5000 பேரப் பாக்கணும், அவங்களும் பாவம் எத்தன வீடு ஏறுவாங்க. இப்ப மகளிர் குழு அக்கா திண்ணையிலயே உக்காந்து கையில பட்டைய சுத்தி பிரஷர் பாத்துட்டு, "என்ன ஆத்தா, நேத்து கருவாடா?"ன்னு ஒரு அதட்டு போட்டு ஒரு மாசத்துக்கான மாத்திரைய குடுத்துட்டுப் போவுது. இந்தத் திட்டத்துக்கு 2024ல ஐநா அவார்டே குடுத்துச்சு. ஆனா அந்தக்காவுக்கு இன்னும் சம்பளம்னு ஒன்னு இல்ல, ஊக்கத்தொகைதான். கேக்குறதுன்னா அதக் கேளுங்க சார்.