பைல்ஸ் பயந்து விலகவில்லை

‘மனதில் பலம் இல்லாதவர்கள்தான் பாதியில் விலகுவார்கள், டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் செய்தது அதுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைக்கு நேர்ந்தது, அந்தரத்தில் சுழலும்போது உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போகும் நிலை. ஜிம்னாஸ்டுகள் ‘ட்விஸ்டிஸ்’ என்பார்கள். அதோடு தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம்! அப்புறம், அவர் முழுதாக விலகவும் இல்லை. அங்கேயே பேலன்ஸ் பீமில், அதாவது குறுகிய கட்டையின் மேல் செய்யும் போட்டியில், வெண்கலம் வாங்கினார். மனநல ஆலோசனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, 2024 பாரிஸில் 3 தங்கம், 1 வெள்ளி. ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸும் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்தான். அவருக்கும் பலம் இல்லையா? நீங்கள் எழுதியதைப் படிக்கும் ஓர் இளம் வீராங்கனை நாளை தன் பயிற்சியாளரிடம் வாய் திறக்க எப்படித் துணிவாள்? தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.