அடுப்பு எரியாத வீடும் இரண்டு சுடுகாடும்

பண்பாடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன்; பண்பாடு என்றால் கலை, உடை, திருவிழா என்று அதில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. யோசிக்காமலே நாம் செய்வதுதான் பண்பாடு.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டிலிருந்து முதலில் காபி வரும், பிறகு சம்பந்தி வீட்டுச் சாப்பாடு வரும். ஆண்டுக்கணக்கில் பேசாத பங்காளிகூட வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். யாரும் பாடம் எடுத்து இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அம்மா தூக்குவாளியோடு கிளம்புவதைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்கிறார்கள்: ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. பாதையும் வேறு. அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை. முன்னதைப் பெருமையாக எழுதும் நாம், பின்னதைப் பண்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இது சரியில்லை.

பழகியதை மாற்றவும் முடியும். 1997-இல் தமிழக அரசு கொண்டுவந்த சமத்துவபுரம் திட்டத்தில், ஒவ்வொரு குடியிருப்பிலும் பல சாதியினருக்கும் சேர்த்து 100 வீடுகள், எல்லாருக்கும் ஒரே மயானம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இப்போது 20 வயதுக்கு மேல் ஆகிறது. அடுத்த கட்டுரைக்கு அவர்களிடம் பேசிப் பாருங்களேன்.